சொந்தச் செலவில் ஒரு வானிலை நிலையம்

திருச்சிக்குக் காய் அனுப்பும் ஊர்களில் நேற்று எங்கெங்கே மழை பெய்தது என்று தெரிந்துகொள்ளத் தொலைக்காட்சியைத் திறக்க வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்து, லோடுமேன்களின் முதுகு மூட்டையில் இடிபடாமல் ஒரு சுற்று வந்தால் போதும். சின்ன வெங்காய மூட்டையின் அடிப்பக்கம் கறுத்து ஈரமாக இருந்தால் பெரம்பலூர், துறையூர்ப் பக்கம் அறுவடை நேரத்தில் மழை. கேரட் விலை ஒரே ராத்திரியில் எகிறியிருந்தால் நீலகிரி மலைப்பாதையில் எங்கோ மண் சரிந்து லாரி நிற்கிறது. வாழையிலைக் கட்டில் நுனி இலை குறைந்து கிழிசல் மிகுந்திருந்தால் காவிரிக் கரையில் காற்று. மல்லிகை வரத்து சுண்டிப்போயிருந்தால் எட்டரை, கோப்புப் பக்கம் பனி. கொத்தமல்லி மட்டும் எந்தக் காலத்திலும் ஏதாவது சாக்குச் சொல்லி ஏறும். அதை வைத்து எதையும் கணிக்க முடியாது.

முதல் உலகப்போர் நினைவுத் தூணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க இயங்கும் இந்த வானிலை நிலையத்தை இடம் மாற்றப் பலமுறை பேசிப் பார்த்துவிட்டார்கள். மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் 2017இல் புது வளாகமே திறந்தார்கள், மண்டிக்காரர்கள் போகவில்லை. 2020இல் கொரோனாவுக்குப் பயந்து மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். மழை பெய்து மைதானம் சேறாகி, தக்காளியும் மனிதர்களும் சேர்ந்து வழுக்கினார்கள். கடைசியில் எல்லாரும் திரும்பப் பழைய இடத்துக்கே வந்தாயிற்று. இப்போது பஞ்சப்பூர்ப் பேச்சு. வானிலை சாஸ்திரம் படித்தவர்கள் இந்த விஷயத்தில் மண்டிக்காரர்கள் பக்கம்தான் நிற்பார்கள்: ஒரு நிலையத்தை ஒரே இடத்தில் நீண்ட காலம் வைத்திருந்தால்தான் அதன் கணக்குக்கு மதிப்பு.

இவ்வளவும் தெரிந்த நான், திருவளர்ச்சோலையில் இருக்கும் எங்கள் ஒரு ஏக்கர் வாழைத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு தானியங்கி வானிலை நிலையம் வைத்தேன்.

ஏன் என்று கேட்காதவர் ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் இல்லை. பணி ஓய்வு பெற்ற ஒருவன் கையில் பணமும் பகல் பொழுதும் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் மனைவியின் விளக்கம். அதைவிட ஆழமான காரணம் உண்டு. ரமணன் சென்னை வானிலை ஆய்வு மையத்தில் இருந்த காலத்தில், அவர் வாயைத் திறந்தால் மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். என் பேச்சை என் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தாழ்வழுத்த மண்டலம், மேலடுக்குச் சுழற்சி, ஓரிரு இடங்களில் என்றெல்லாம் நாமும் சாப்பாட்டு நேரத்தில் நாலு வார்த்தை சொன்னால் ரசம் ஊற்றும் கை கொஞ்சம் நிற்காதா என்ற ஆசை.

வெளியே இதைச் சொல்ல முடியுமா? கேட்டவர்களுக்கெல்லாம் சரித்திரத்தைச் சொன்னேன். பண்டகசாலை முன்னால் ஒரு முழ வாயுள்ள பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில், 1441இலேயே மழைமானி செய்துவிட்டார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தொடங்கியது. இந்த வரிசையில் அடுத்தது திருவளர்ச்சோலை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் உள்ளேயிருந்து, “மாப்பிள்ளை, அதான் பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கே, இந்த வருஷம் எத்தனை மரக்கால்னு. கடலுக்கு எத்தனை பங்கு, மலைக்கு எத்தனை பங்கு, பூமிக்கு எத்தனை பங்குன்னு பிரிச்சே குடுத்திருக்கான். உங்க மிஷின் பிரிச்சுக் குடுக்குமா?” என்றார். குடுக்காது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்று 385 தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியிருக்கிறது என்ற செய்தியை யாரும் என் மனைவியிடம் சொல்லிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். அவள் அதைச் செய்தித்தாளிலேயே படித்துவிட்டாள்.

பெட்டி வந்தது. பிரித்தால் ஒரு வெள்ளைத் தலை. அதன் மேல் சுழல மூன்று கிண்ணம், பக்கத்தில் திசை காட்ட ஒரு வால், நடுவில் மழைக்கு ஒரு புனல், தோளில் உள்ளங்கை அளவு சூரியத் தகடு, வயிற்றுப் பகுதியில் வெப்பமானிக்கு நிழல் தர அடுக்கடுக்காக வெள்ளைத் தட்டுகள். வெப்பமானியை வெயிலில் காட்டாமல் காற்றில் மட்டும் காட்ட வேண்டும் என்பதற்காகத் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டில் செய்த மரப்பெட்டியின் பேரப்பிள்ளைதான் அந்தத் தட்டடுக்கு. அவருடைய மகன்தான் புதையல் தீவு எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். இதையெல்லாம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் விளக்கினேன். அவர் தட்டுகளை விரலால் தட்டிப் பார்த்து, “இட்டிலித் தட்டக் கவுத்து வச்சாப்ல இருக்கு” என்றார். சொன்னதும் எனக்கும் அப்படியே தெரிய ஆரம்பித்துவிட்டது, இன்றுவரை மாறவில்லை.

எங்கே நடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விதிப்படி மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். வெப்பமானி நாலடி. காற்றுமானி, விமான நிலையத்துக்காரர்கள் கணக்கில் 10 மீட்டர். வேளாண்மைக்காரர்கள் கணக்கில் பத்தடி. நான் வாங்கிய கருவியிலோ மூன்றையும் ஒரே தலையில் முடுக்கி ஒட்டவைத்திருக்கிறார்கள். மழைக்குத் தாழ்த்தினால் காற்றுக்கு ஆகாது, காற்றுக்கு உயர்த்தினால் மழைக்கு ஆகாது. பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. மேலப்புலிவார்டு ரோட்டுக் கடை ஒன்றில் ஜி.ஐ. பைப் வாங்கி, காந்தி மார்க்கெட் வாசலில் ஆட்டோ பிடித்தேன். முன்பக்கம் அரை பைப், பின்பக்கம் அரை பைப் நீட்டிக்கொண்டு, காவிரிப் பாலத்தின் மேல் எதிரே வந்த ஒவ்வொருவரும் என்னை ஒரு பார்வை பார்க்க, போய்ச் சேர்ந்தேன். தோட்டத்தின் நடுவில், சுற்றிலும் முழங்கால் உயர வாழைக் கன்று மட்டும் இருந்த நல்ல வெட்டவெளியில் பத்தடி உயரத்தில் நட்டேன்.

முழங்கால் உயரக் கன்று என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்.

முதல் மழை பெய்தது. செல்போனில் 12 மி.மீ. என்று வந்தது. உள்ளே ஒரு சின்ன ஊஞ்சல் கரண்டி, 0.2 மி.மீ. மழை நிறைந்ததும் ஒரு பக்கம் சாயும், காந்தம் ஒரு சுவிட்சைத் தொடும், ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். ராத்திரி முழுக்க அது அறுபது தடவை சாய்ந்திருக்கிறது. விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடினேன். ஒரு மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்கு நாலாயிரத்துச் சொச்சம். “நேத்து நம்ம தோட்டத்துல விழுந்தது நாப்பத்தெட்டாயிரம் லிட்டருக்கு மேல!” என்றேன் பெரியவரிடம். அவர் குனிந்து கட்டைவிரலால் மண்ணைக் கீறினார். இன்னொரு இடத்தில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தார். “ஈரம் நாலு விரக்கடைதான் எறங்கியிருக்கு. நாளைக்கு மோட்டாரு போடணும்யா” என்றார். பெய்ததெல்லாம் வேருக்குப் போவதில்லை, அடித்துப் பெய்தால் பாதி ஓடிவிடும் என்ற பாடத்தை வேளாண் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிறார்கள். இவர் கட்டைவிரலிலேயே வைத்திருக்கிறார். அதற்கு ரீசார்ஜ் கிடையாது.

வீட்டில் வேறு விதமான சிக்கல். வானிலைத் துறையின் மழைநாள் காலை எட்டரைக்கு ஆரம்பித்து மறுநாள் எட்டரைக்கு முடியும். காலை ஒன்பது மணிக்குப் பெய்த மழையை நான் மறுநாள் கணக்கில் எழுதியதை மனைவி பார்த்துவிட்டாள். “அப்போ இப்ப நனைஞ்ச துணி நாளைக்குத்தான் நனையுதா?” என்றாள். அன்று துணியை நான்தான் எடுத்திருக்க வேண்டும்.

பராமரிப்பு என்று ஒரு வார்த்தை விளக்கப் புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பெரிய எழுத்தில் போட்டிருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். புனலுக்குள் சித்தெறும்பு முதலில் குடியேறியது. ஊஞ்சல் கரண்டியின் ஒரு பக்கத்தில் முட்டையும் பரிவாரமுமாக உட்கார்ந்துவிட, நல்ல மழையில் கருவி பூஜ்யம் காட்டியது. எறும்பைக் காலி செய்தால் குளவி மண் கூடு கட்டியது. கிண்ணத்துக்கும் வாலுக்கும் நடுவே சிலந்தி ஒரே ராத்திரியில் வலை பின்னி, காற்றின் வேகத்தை நிரந்தரமாக நிறுத்தியது. பக்கத்து மரத்து இலை வளர்ந்து சூரியத் தகட்டின் மேல் சாய்ந்து கொண்டதும் மின்கலம் இறங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு மேல் திருவளர்ச்சோலையில் வானிலையே இல்லாமல் போனது.

கம்பத்தின் உச்சியில் இரட்டைவால் குருவி வந்து உட்கார்ந்தது. ஆரம்பத்தில் ஒன்று, பிறகு ஜோடி. வயலில் ‘டி’ வடிவத்தில் குச்சி நட்டால் இந்தக் குருவி வந்து உட்கார்ந்து பூச்சி புழுவைப் பிடித்துத் தின்னும் என்று வேளாண்மைத் துறையே சொல்கிறது. பறவைத் தாங்கி என்று பெயர். ஒரு குச்சியும் ஒரு சணல் கயிறும் இருந்தால் ஆயிற்று. சூரியத் தகடும் சிம் கார்டும் வைத்த பறவைத் தாங்கி திருச்சி மாவட்டத்திலேயே எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் இருந்தது. குருவி தின்றது பூச்சி. அதன் மிச்சம் விழுந்தது மழைப் புனலில்.

அதன் விளைவாக நிகழ்ந்ததே திருவளர்ச்சோலைப் பெருமழை. ஒரு நாள் பளீரென்று வெயிலடிக்கும் முற்பகலில் செல்போன் அலறியது. 50 மி.மீ. கொஞ்ச நேரத்தில் 100. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். 64.5 தாண்டினால் கனமழை. 115.6 தொட்டால் மிக கனமழை. 150 வந்தது. 204.5 போனால் அதி கனமழை; அதையும் தாண்டி 250இல் நின்றது. திருச்சிக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே 800 மி.மீ.க்குச் சற்று மேல்தான்! மேக வெடிப்பு என்று முடிவுகட்டி மைத்துனருக்கும் பழைய அலுவலக நண்பர்களுக்கும் தகவல் கொடுத்தேன். ‘1977 வெள்ளத்துக்குப் பிறகு’ என்ற சொற்றொடரைக்கூடப் பயன்படுத்தியதாக ஞாபகம். பிறகுதான் பெரியவருக்குப் போன் செய்தேன். “மழையா? வெயிலு மண்டையப் பொளக்குது. குருவி அசிங்கம் பண்ணி வச்சிருந்துச்சுய்யா, பாக்கச் சகிக்கல. ஏணி போட்டு ஏறி நல்லா அஞ்சு சொம்புத் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன்.” என் புனலின் வாய் 200 சதுர செ.மீ. ஒரு லிட்டர்ச் சொம்புக்கு 50 மி.மீ. கணக்குத் துல்லியமாக இருந்தது. கருவியின் மீது எனக்கு அன்றைக்குப் போல் என்றைக்கும் நம்பிக்கை வந்ததில்லை.

மைத்துனர் மட்டும் இன்னமும், “அத்தான், இன்னிக்கு எத்தனை சொம்பு?” என்று கேட்கிறார்.

இதற்கிடையே மார்க்கெட்டில் என் புகழ் பரவியிருந்தது. எங்கள் தார் போகும் வாழைக்காய் மண்டியின் கணக்குப்பிள்ளை என்னைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க வெதர்மேன் சார்” என்பார். அடுத்த கேள்வி, “மேட்டூர் எத்தனை அடி?” என் கருவிக்கு மேட்டூர் தெரியாது. திருச்சிக்காரனுக்குத் தன் தலையில் விழும் மழையைப் பற்றி என்றைக்கு அக்கறை இருந்தது? குடகில் பெய்து, கே.ஆர்.எஸ்.ஸும் கபினியும் நிறைந்து, மேட்டூர் 120 அடி எட்டி, ஜூன் 12இல் மதகு திறக்குமா என்பதுதான் இங்கே வானிலை. ஐந்நூறு மைல் நீள ஆற்றின் கரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஜாண் புனலில் மழை பிடிக்கிறவனை மண்டியில் எப்படிப் பார்ப்பார்கள்? டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வரையில் லாபம்.

வாழையோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூவன், கேட்க வேண்டுமா? முழங்கால் இடுப்பாகி, இடுப்பு தலையாகி, குலை தள்ளும் நேரத்தில் இலையோடு சேர்ந்து என் கம்பத்தைத் தாண்டி நின்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கொங்கு நாட்டைக் கடந்து நம்மூர்ப் புழுதியைக் கிளப்பும் ஆடிக்காற்றைக் கருவி ‘மென்காற்று’ என்று பதிவு செய்தது. வெப்பநிலை, ஊரே கொதிக்கும்போது என் தோட்டத்தில் மட்டும் குளுகுளு. ஈரப்பதம் எப்போதும் உச்சத்தில். அந்த ஒன்றில் பயன் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்: போதாவூரில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் முதற்கொண்டு எல்லாரும் எச்சரிக்கும் சிகடோகா இலைப்புள்ளி நோய்க்கு ஈர இலைதான் விருந்து. செல்போனில் ஈரப்பதம் நாள்கணக்கில் இறங்காததைப் பார்த்துக் காய்ந்த இலைகளை அறுத்து அப்புறப்படுத்தச் சொன்னேன். பெரியவர் அறுத்து முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அடுத்த கோடையில், சித்திரை கழியும் சமயம், சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இடி, பிறகு சூறைக்காற்று. வீட்டு மாடியில் தகரம் பறக்கும் சத்தத்துக்கு நடுவே செல்போனைப் பார்த்தேன். காற்று மணிக்கு 9 கி.மீ. “நம்ம பக்கம் ஒண்ணுமில்லை, ஸ்ரீரங்கத்துல மட்டும்தான்” என்று மனைவிக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் போனால், குலை தள்ளிய மரங்களில் பாதிக்கு மேல் கிழக்கே தலைவைத்துப் படுத்திருந்தன. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தவை மட்டும் தப்பித்திருந்தன. நடுவே என் கம்பம் சுற்றிலும் தடையில்லாமல் நின்றுகொண்டிருக்க, கிண்ணங்கள் உற்சாகமாகச் சுழன்றன. மரங்கள் விழுந்தபிறகு காற்றின் வேகத்தை மிகச் சரியாகக் காட்டியது.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வருகிறவர் மரத்தைத்தான் எண்ணுவார், என் செல்போனை எண்ண மாட்டார். அது நல்லதாகப் போயிற்று. 9 கி.மீ. காற்றில் விழுந்த வாழைக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

முற்றாத தார்களை வெட்டி வண்டியில் ஏற்றி ராத்திரியே மண்டிக்குப் போனோம். காந்தி மார்க்கெட்டுக்கு உள்ளே நுழையவே இடமில்லை. வரிசையாகத் தார் வண்டிகள், எல்லாம் பிஞ்சு. விலை என்னவாக இருக்கும் என்பதைப் பக்கத்து வண்டிக்காரர் முகத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்ததும் இந்தமுறை கேலி செய்யவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டார். “மொத லோடு தொட்டியம் சார், நேத்து ராத்திரியே வந்துருச்சு. அடுத்து முசிறி. அப்புறம் ஜீயபுரம் பக்கம். இப்ப நீங்க. மேக்க ஆரம்பிச்சு ஆத்தோடவே வந்திருக்கு காத்து. லால்குடிக்காரங்கள இன்னும் காணோம், பாருங்க, விடியறதுக்குள்ள வந்துருவாங்க.” அவர் கையில் இருந்தது சிட்டைப் புத்தகம். அதில் ஊர் பேரும் தார் எண்ணிக்கையும் வரிசையாக எழுதியிருந்தது. புயலின் பாதை, அதன் அகலம், எந்த ஊரில் எத்தனை கடுமை என்று எல்லாம் இருந்தது. ஐந்து மணிக்கு லால்குடி வண்டி வந்தது.

“இன்னும் மூணு மாசத்துல தாரு கெடைக்காது சார். அப்ப வெலை இருக்கும். உங்ககிட்ட தாரு இருக்காது” என்று முன்னறிவிப்பும் கொடுத்தார். அதுவும் பலித்தது.

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சில நாள் கழித்து மனைவி மெல்ல ஆரம்பித்தாள். “என்னங்க, அந்த மிஷின் ஈரப்பதம் எல்லாம் சரியாத்தான் காட்டுதா?” காட்டுகிறது என்றேன், சந்தேகத்தோடு. “வடகம் போடணும். போன தடவை நல்லா வெயில்னு நெனச்சுப் போட்டா ராத்திரிக் காத்துல நமத்துப்போச்சு. இங்க மொட்டை மாடில வச்சா என்னன்னு பாத்தேன். மரம் கெடையாது, குருவி வந்தா நான் பாத்துக்கறேன்.” யோசித்துப் பார்த்தால் விதிப்படி அது சிறந்த இடம் இல்லைதான், மாடித் தளத்தின் சூடு வெப்பமானியைக் கெடுக்கும். ஆனால் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் கருத்து ஒன்றை வீட்டில் விலைக்குக் கேட்கிறார்கள். மாமியார்கூட, எட்டரை மணிக் கணக்கு வேண்டாம், ஆறு மணிக்கே சொல்லிவிட்டால் மாவு கிளறச் சௌகரியம் என்றார்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பெரியவர் விழுந்த மரங்களின் கிழங்கைத் தோண்டி முடித்துப் புதுக் கன்று வைத்துக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். சிம் கார்டு, சூரியத் தகடு, இட்டிலித் தட்டு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தேன். வாங்கித் துண்டில் வைத்தார். அடுத்து, கம்பத்தைப் பிடுங்கக் கடப்பாரை எங்கே என்று கேட்டேன். அவர் கம்பத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டார்.

“மிஷின எடுத்துட்டுப் போங்கய்யா. கம்பிய விட்டுட்டுப் போங்க. குருவிக்கு வேணும்.”